தயிர் கடையா, தயிர்க் கடையா?

மதுரை டவுன் ஹால் ரோட்டிலிருந்து விளக்குத்தூண் வரை நடந்தால் பல கடைப் பலகைகளில் ஒற்று (சொற்களுக்கு நடுவில் வரும் க், ச், த், ப்) இல்லை, சிலவற்றில் வேண்டாத இடத்தில் இருக்கிறது, போதாக்குறைக்கு ஆங்கிலப் பெயர்களில் கண்ட இடத்தில் அபாஸ்ட்ரபி (’) தொங்குகிறது. பார்க்கப் பார்க்க எரிச்சல் வருகிறது, இது நியாயமா, கடைக்காரரிடம் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள்ளே இன்னொரு கேள்வி இருக்கிறது. பலகையில் உறுத்துகிற எல்லாவற்றையும் பிழை என்று சொல்லிவிடலாமா? சொல்ல முடியாது. சில, சந்தேகமே இல்லாத பிழைகள். சில, இலக்கணம் கற்றவர்களே இன்றுவரை ஒத்துப்போகாதவை. சில பிழையே அல்ல, பிழைபோலத் தெரிகிறவை. இவற்றைப் பிரித்துவிட்டால் எரிச்சல் நிறையவே குறையும். மிஞ்சுகிற எரிச்சல் நியாயமானதுதான்.

ஒற்று எதற்கு என்பதை முதலில் ஒரு பலகையில் வைத்தே பார்த்துவிடலாம். 'தயிர் கடை' என்று எழுதியிருந்தால், எழுத்துப்படி அது ஓர் ஏவல்: தயிரைக் கடை என்று பொருள். 'தயிர்க் கடை' என்றால்தான் தயிர் விற்கும் இடம். 'கீரை கடை' என்றால் கீரையை மசி. 'கீரைக் கடை' என்றால் கீரை விற்கும் கடை. கீழமாசி வீதியின் பருப்புக் கடையும் அப்படியே, க் போய்விட்டால் பருப்பைக் கடையச் சொல்கிறது. இதைவிடத் தெளிவான உதாரணம் 'பாய்'. 'பாய் கடை' என்றால் பாய் ஒருவர் நடத்துகிற கடை. 'பாய்க் கடை' என்றால் கோரைப் பாய் விற்கிற கடை. இரண்டுமே சரியான தமிழ். மனிதரைக் குறிக்கும் பெயர் உயிரெழுத்தில் முடிந்தாலோ, ய், ர் ஆகிய மெய்களில் முடிந்தாலோ அடுத்து வரும் வல்லினம் மிகாது, அதாவது நடுவில் ஒற்று தோன்றாது என்று நன்னூல் விதி வகுத்திருக்கிறது. அதனால்தான் 'செட்டியார் கடை', 'டெய்லர் கடை' என்கிறோம். தயிரும் ர் என்று முடிகிறது, டெய்லரும் ர் என்று முடிகிறார். தயிருக்கு மிகும், டெய்லருக்கு மிகாது. 'மீனாட்சி கோயில்' என்று ஒற்று இல்லாமல் எழுதுவதும் இதே விதிப்படிதான். 'மீனாட்சி சுந்தரேசுவரர்' என்பதில் இன்னொரு காரணமும் சேர்கிறது: மீனாட்சியும் சுந்தரேசுவரரும் என்று பொருள்படும் உம்மைத்தொகை அது, அங்கும் மிகாது. ஆகவே கோயில் பெயரில் ச் விட்டுப்போயிற்று என்று யாராவது குறை சொன்னால் குறை சொன்னவர்தான் தவறு.

விதிகளை வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டு தெருவில் நடக்க முடியாது, தேவையும் இல்லை. மதுரைக்காரர்களின் வாய்க்கு இந்த விதிகள் ஏற்கெனவே தெரியும். மாட்டுத்தாவணி, விளக்குத்தூண், சிம்மக்கல், யானைக்கல், தெப்பக்குளம், கோரிப்பாளையம், வாடிப்பட்டி. எந்த பஸ் கண்டக்டரும் 'மாட்டுதாவணி' என்று கூவுவதில்லை. மாடு என்பது மாட்டு என்று இரட்டித்தபின் அடுத்த வல்லினம் மிகும் என்பதற்கு அந்தப் பேருந்து நிலையமே சான்று. அப்படியானால் நாட்டுக் கோழி, நாட்டுச் சர்க்கரை, வீட்டுச் சமையல், மாட்டுத் தீவனம் எல்லாம் தானாக வந்துவிடும். க்கு, ச்சு, ட்டு, த்து, ப்பு, ற்று என்று முடிகிற சொல்லுக்கு விளக்குத்தூண் வழிகாட்டும்: பருப்புப் பொடி, பாட்டுப் போட்டி, எழுத்துப் பயிற்சி. ம் என்று முடிகிற சொல்லுக்குச் சிம்மக்கல்லும் தெப்பக்குளமும் போதும். சிம்மம் என்பதன் ம் கெட்டுக் க் வந்ததுபோலவே பழக்கடை, மரக்கடை. ஐ என்று முடிந்தால் யானைக்கல்: நகைக்கடை, சித்திரைத் திருவிழா. இ என்று முடிந்தால் கோரிப்பாளையம்: துணிக்கடை, கறிக்கடை, ஆடித் தள்ளுபடி.

எனவே சோதனை எளிது. பலகையைப் பார்க்காமல், ஆட்டோக்காரரிடம் வழி சொல்வதுபோல அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். நாக்கு அழுத்தி நின்றால் அங்கே ஒற்று இருக்கிறது. 'டீக்கடை' என்பதில் டீ ஆங்கிலச் சொல். ஆனாலும் ஊரே க் போட்டுத்தான் சொல்கிறது, ஆகவே க் போட்டு எழுதுவதுதான் சரி. 'ஜெராக்ஸ் கடை', 'செல்போன் கடை' என்பவற்றில் நாக்கு அழுத்துவதில்லை. எழுதும்போதும் ஒற்று வேண்டாம்.

மதுரைக்கே உரிய பருத்திப்பாலைப் பாருங்கள். சொல்லும்போது ஒருவரும் ப் விடுவதில்லை. வண்டியின் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் மட்டும் 'பருத்தி பால்' என்று இருக்கும். காரணம் பெரும்பாலும் அறியாமை அல்ல, இடம். வண்டிக் கண்ணாடியின் அகலம் குறைவு என்பதால் மேல்வரியில் 'பருத்தி', கீழ்வரியில் 'பால்' என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். ப் எங்கே போவது? மேல்வரியின் கடைசியில்தான் நிற்க வேண்டும், தமிழில் எந்த வரியும் ஒற்றில் தொடங்காது. ஆனால் 'பருத்திப்' என்று மேல்வரி முடிந்தால் பாதியில் அறுந்ததுபோலத் தெரிகிறதே என்று டிசைனர் அதை எடுத்துவிடுகிறார். மேல்வரியைக் கொஞ்சம் சிறிதாக்கி ப் சேர்ப்பதுதான் முறை.

இனி, சந்தேகமே இல்லாத பிழைகள். 'விற்ப்பனை', 'பயிற்ச்சி', 'முயற்ச்சி', 'கற்ப்பூரம்', 'காட்ச்சி', 'அதற்க்கு' இவற்றுக்கு எந்தக் கட்சியிலும் ஆதரவு கிடையாது. தமிழ்ச் சொல்லின் நடுவில் ய், ர், ழ் மூன்றுக்குப் பின்னால் மட்டுமே இன்னோர் ஒற்று சேர்ந்து நிற்கும்: காய்ச்சல், வளர்ச்சி, மகிழ்ச்சி. ட், ற் இரண்டுக்கும் பின்னால் ஒருபோதும் நிற்காது. 'வளர்ச்சி'யும் 'மகிழ்ச்சி'யும் எழுதிப் பழகிய கை 'பயிற்சி'க்கும் ஒரு ச் போட்டுவிடுகிறது. பிழை பிறக்கும் இடம் அதுதான். டைப்பிங் இன்ஸ்டிடியூட், தையல் வகுப்பு, டிரைவிங் ஸ்கூல் பலகைகளில் இது அதிகம் கண்ணில் படும். கு உருபுக்கும் ஐ உருபுக்கும் பின்னால் ஒற்று விடுவதும் நிச்சயமான பிழை: 'வாடகைக்குக் கிடைக்கும்', 'விற்பனைக்குத் தயார்', 'உங்களைத் தேடி வருகிறோம்' என்றுதான் இருக்க வேண்டும். 'பன்னீர் பட்டர் மசாலா' வேறு வகைப் பிழை. பன்னீர் என்பது கல்யாண வீட்டில் தெளிப்பது, சோடாவில் கலப்பது. பால்கட்டிக்குப் பெயர் பனீர்.

அதிகப்படியாகப் போடுவதும் பிழைதான், இந்தப் பக்கத்தை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அழகர்மலை மேலே இருப்பது பழமுதிர்சோலை; 'பழமுதிர்ச்சோலை' அல்ல. பழம் உதிர்கிற சோலை என்று காலம் மறைந்து நிற்கும் வினைத்தொகை அது, வினைத்தொகையில் வல்லினம் மிகாது. திருமுருகாற்றுப்படையின் கடைசி அடியே 'பழமுதிர் சோலை மலைகிழ வோனே' என்றுதான் முடிகிறது. ஊருக்கு வடக்கே போகிற வேன்களிலும் அன்னதான பேனர்களிலும் ச் சேர்த்து எழுதும்போது எனக்கு ஒற்றை விடுவதைவிட இதுதான் அதிகம் வருத்தம் தருகிறது, ஏனென்றால் சரியாக எழுத வேண்டும் என்ற அக்கறையில் நேர்கிற பிழை இது. ஊறுகாய், சுடுசோறு, குடிதண்ணீர் எல்லாம் இதே இனம். 'வெற்றிலை பாக்கு' உம்மைத்தொகை, நடுவில் ப் கிடையாது. ஆனால் 'வெற்றிலை பாக்குக் கடை' என்னும்போது பாக்குக்கும் கடைக்கும் நடுவில் க் உண்டு. பொரியும் கடலையும் சேர்ந்த பொரிகடலைக்கும் ஒற்று இல்லை. 'புதியக் கடை', 'பெரியத் தள்ளுபடி', 'சிறந்தத் தரம்' ஆகியவையும் தவறு. புதிய, பெரிய, சிறந்த, நல்ல என்கிற சொற்களுக்குப் பின்னால் மிகாது.

தீர்ப்புச் சொல்ல முடியாதவை என்று சொன்னேனே, அவற்றில் முதலாவது 'வாழ்த்துகள்'. காதணி விழா பேனரில் தொடங்கிக் கட்சிச் சுவரொட்டி வரை 'வாழ்த்துக்கள்' என்றுதான் இருக்கிறது. வன்தொடர்க் குற்றியலுகரத்தின்முன் (க்கு, த்து போன்று முடிகிற சொல்லின்முன்) மிகும் என்ற விதி இரண்டு சொற்கள் சேரும்போது பொருந்துவது, 'கள்' என்பது தனிச்சொல் அல்ல, விகுதி, ஆகவே க் வேண்டாம் என்பது ஒரு தரப்பு. நெடுங்காலமாக அச்சில் 'எழுத்துக்கள்' இருக்கிறது, காதும் ஏற்கிறது என்பது மறுதரப்பு. நான் க் இல்லாமல்தான் எழுதுவேன், எழுதச் சொல்வேன். ஆனால் க் போட்டவரைத் தவறு என்று சொல்லமாட்டேன். இரண்டாவது, 'இங்கு பஞ்சர் ஒட்டப்படும்'. பள்ளி இலக்கணப்படி 'இங்குப் பஞ்சர்' என்று மிக வேண்டும். பேச்சில் யாரும் அப்படி அழுத்துவதில்லை. இதற்கு வழி இருக்கிறது: 'இங்கே' என்று எழுதிவிட்டால் ஒற்றே தேவைப்படாது. மூன்றாவது கொத்துப் பரோட்டா. கொத்திய பரோட்டா என்று வினைத்தொகையாகக் கொண்டால் ஊறுகாயைப்போல மிகாது; கொத்து என்று பெயராகக் கொண்டால் விளக்குத்தூணைப்போல மிகும். இரண்டுக்கும் இடமிருக்கிறது. கறிதோசையில் விதி ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். 'கறிக்கடை' என்று அழுத்துகிற அதே வாய் 'கறிதோசை' என்று மெலிதாகச் சொல்கிறது. விதிப்படி 'கறித்தோசை', நான் அங்கே வாயின் பக்கம் நிற்பேன். ல், ள் என்று முடிகிற சொற்களில் இன்றைய தமிழ் பழைய விதியைத் தளர்த்திவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நெல்லும் பேட்டையும் சேர்ந்தால் நெற்பேட்டை ஆக வேண்டும். நமக்கு அது நெல்பேட்டைதான். பால் கடைக்காரரிடம் போய் 'பாற்கடை' என்று எழுதச் சொல்லாதீர்கள்.

பழைய பலகைகளில் லை, னை எழுத்துகளுக்கு யானைத் துதிக்கைபோல மேலே வளைந்த கொம்பு இருந்தால், ணா, றா, னா எழுத்துகள் சுருண்டு இருந்தால், அது பிழை அல்ல. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்குவதற்கு முன்பு அதுதான் முறையான வடிவம். அந்தப் பலகைகளை அப்படியே விட்டுவைப்பது நல்லது. புள்ளி இல்லாத எழுத்தையும் உடனே பிழை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வெட்டி ஒட்டும் அக்ரிலிக் எழுத்துகளில் புள்ளி தனித் துண்டு. வெயிலில் பசை விட்டால் முதலில் விழுவது அதுதான். கிட்டப் போய்ப் பார்த்தால் வட்டமான பசைத் தடம் தெரியும். புதிதாகச் செய்கிறவர்கள் புள்ளியின் விட்டத்தை எழுத்துக் கோட்டின் தடிமனுக்குக் குறையாமல் வெட்டி, பசையோடு ஒரு பின்னும் வைத்துப் பொருத்தச் சொல்ல வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்றும் இருக்கிறது, மதுரையில் இதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். 'சௌராஷ்டிரா' என்று எழுதும்போது சகரத்துக்குப் பக்கத்தில் வர வேண்டியது ஔகாரக் குறி. அது விசைப்பலகையில் எங்கே என்று தெரியாமல் 'செ' அடித்து, அடுத்து 'ள' அடித்துவிடுகிறார்கள். அச்சில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அது வேறு சொல். அதே எழுத்தைக் கூகுள் மேப்பில் கடைப் பெயராகப் போட்டால், சரியாக அடித்துத் தேடுகிறவருக்குக் கடை அகப்படாமல் போகலாம். ர் என்பதற்குப் பதிலாகக் காலும் புள்ளியும் சேர்த்து அடிப்பதும் இப்படித்தான்.

பலகை எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால் பிழை எங்கே நுழைகிறது என்பதும் தெரியும். கடைக்காரர் வாட்ஸ்அப்பில் குரல்பதிவாகவோ துண்டுச் சீட்டிலோ பெயரைத் தருகிறார். டிசைனர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து, கோரல் டிராவில் வைத்து, எழுத்துகளைக் கர்வ்ஸ் ஆக மாற்றிவிடுகிறார். அதன்பின் அது எழுத்து அல்ல, படம்; வழக்கமான பிழைதிருத்தி மென்பொருள் அதில் பிழை பார்க்க முடியாது. மாதிரிப் படம் திரும்ப போனுக்கு வருகிறது. சின்னத் திரையில் கடைக்காரர் போன் நம்பரையும் சாமி படத்தையும் சரிபார்த்து ஓகே சொல்லிவிடுகிறார். எழுத்தின் உயரத்தைக் கணக்கிட்டு ஒவ்வோர் எழுத்துக்கும் விலை போடுகிற பலகை என்றால், ஒற்றுக்கும் காசு என்பதால் அது முதலிலேயே கழன்றுவிடுகிறது. இதைத் தடுக்க, கர்வ்ஸ் ஆக்குவதற்கு முன்பே மாதிரியை ஏ4 தாளில் அச்செடுத்துத் தரச் சொல்ல வேண்டும். அதை இரண்டு முறை படிக்க வேண்டும்: முதல் முறை வாய்விட்டு, வேகமாக, ஒற்று விட்டது அதில் தெரியும். இரண்டாம் முறை கடைசிச் சொல்லில் தொடங்கிப் பின்னோக்கி, எழுத்தெழுத்தாக. ற்ப்ப, ற்ச்ச போன்றவை அதில் அகப்படும்.

அபாஸ்ட்ரபிக்கு வருகிறேன். தமிழுக்கு அந்தக் குறி தேவையே இல்லை. உடைமையைக் காட்ட நமக்கு 'இன்', 'உடைய' இருக்கின்றன, அல்லது 'அம்மா மெஸ்' என்று சும்மா பக்கத்தில் வைத்தாலே போதும். ஆகவே 'அம்மாஸ் கிச்சன்' என்று தமிழ் எழுத்தில் எழுதும்போது நடுவில் அந்தக் குறியைத் தொங்கவிட வேண்டாம். ஆங்கில வரியில் மட்டும் இரண்டு விஷயங்கள். பன்மைக்கு அபாஸ்ட்ரபி ஒருபோதும் வராது. டிரைவர்கள், பழங்கள், மொபைல்கள் எதற்கும் வராது. உடைமைக்கு வரும்போது, விடுதிப் பலகைகளில் 'பாய்ஸ்', 'லேடீஸ்' இரண்டும் எஸ் சேர்ந்த பன்மை என்பதால் குறி எஸ்-க்குப் பின்னால். 'மென்ஸ்' என்பதில் எஸ் இல்லாமலே பன்மை ஆகிவிட்டதால் குறி எஸ்-க்கு முன்னால். பதிவு செய்த நிறுவனப் பெயரில் குறி இல்லாவிட்டால் அது அவர்கள் விருப்பம். பிரிட்டனின் வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடை 2012இல் தன் பெயரிலிருந்து அதை எடுத்தேவிட்டது.

கடைக்காரரிடம் சொல்லலாமா என்றால், தாராளமாகச் சொல்லலாம். சட்டத்தைக் காட்டிப் பேச வேண்டாம். 1948ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் விதிகளில் 15ஆவது விதி, பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும், தமிழ், ஆங்கிலம், பிற மொழிக்கான அளவு 5:3:2 என்று இருக்க வேண்டும் என்பதைப் பற்றியது. ஒற்றுப் பிழையைப் பற்றியது அல்ல. படமெடுத்து இணையத்தில் போட்டு ஊர் சிரிக்க வைப்பதால் பலகை மாறாது, மனிதர்தான் நொந்துபோவார். மதியம் வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் போங்கள். சரியான வடிவத்தை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் கொடுங்கள். அண்ணே, அடுத்த தடவை பலகை மாத்தும்போது இதை டிசைனர்கிட்ட குடுத்துருங்க என்று சொன்னால் போதும். ஃபிளெக்ஸ் என்றால் மதுரை வெயிலில் ஓரிரு வருடத்தில் வெளுத்துவிடும், எப்படியும் மாற்றுவார்கள். பெயிண்ட் பலகை, எழுத்து ஒட்டிய பலகை என்றால் காத்திருக்கவும் வேண்டாம். விட்டுப்போன ஒற்று எப்போதும் இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் வரும். அங்கே ஏற்கெனவே ஓர் இடைவெளி இருக்கிறது. 'தயிர்' என்பதற்கும் 'கடை' என்பதற்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளந்து, அதே உயரத்தில், அதே நிறத்தில் ஒரு க் மட்டும் வினைலில் வெட்டி ஒட்டலாம். க் அகலமான எழுத்து, ச், ப் அவ்வளவு இடம் கேட்காது. இடம் இறுக்கமாக இருந்தால் இடைவெளியே விடாமல் 'தயிர்க்கடை' என்று சேர்த்துவிடுவதும் சரிதான்.